அனுதாப அலையில் விற்ற ஆல்பமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கத் தென்மாநில ராக் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி என்னை ரொம்பவே புண்படுத்திவிட்டது. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததற்கு, அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மன் இறந்த அனுதாப அலைதான் காரணம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாத ஆல்பமா இது? நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் நானே இந்தக் குழுவைத் தேடிக் கேட்டேன். அந்த வரியை நீங்கள் எப்படி விட்டீர்கள்?

டுவேன் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தது 1971 அக்டோபரில். அனுதாபம்தான் விற்றது என்றால், அவரே வாசித்த பாடல்களோடு 1972 தொடக்கத்தில் வந்த ‘ஈட் எ பீச்’ ஆல்பம் அல்லவா முதலிடத்துக்குப் போயிருக்க வேண்டும்? அது நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது. ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ 1973 ஆகஸ்டில்தான் வந்தது, ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

நானும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவன். எங்கள் லீட் கிடார் அண்ணன் திடீரென்று போனபோது ஊரே அழுதது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கச்சேரிக்குக் கூப்பிட வந்தவர்கள் கேட்டதெல்லாம் ‘அவர் இல்லாமல் உங்களால் வாசிக்க முடியுமா?’ என்பதுதான். எங்களால் முடியவில்லை, குழு கலைந்தது. அனுதாபம் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆல்மன் குழுவுக்கோ அடி ஒன்றோடு நிற்கவில்லை. 1972 நவம்பரில் பேஸ் கிடார் வாசித்த பெர்ரி ஓக்லியும் அதே ஊரில், டுவேன் அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, அதேபோல மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். இருவருக்கும் 24 வயதுதான். ஆல்பத்தின் ஏழு பாடல்களில் இரண்டுக்கு மட்டும் ஓக்லி வாசித்திருந்தார், மற்றவற்றுக்கு வாசித்தது லமார் வில்லியம்ஸ். டுவேன் இடத்தில் நிரந்தரமாக இன்னொரு கிடார் கலைஞரை வைக்காமல், இருபதே வயதான சக் லெவெல் என்ற பியானோ கலைஞரைச் சேர்த்தார்கள் பாருங்கள், அந்த முடிவுதான் ஆல்பத்தின் உயிர். குழுவின் இன்னொரு கிடார் கலைஞர் டிக்கி பெட்ஸ் எழுதிய ‘ஜெசிகா’வில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரு சொல்கூடப் பாடப்படுவதில்லை. அதில் கிடாரிடமிருந்து பியானோ வாங்கிக்கொண்டு போகும் இடத்தை ஒருமுறை கேட்டவர் அனுதாபத்தைப் பற்றிப் பேசமாட்டார். அதே ஆல்பத்தின் ‘ராம்ப்ளிங் மேன்’ சிங்கிள்ஸ் (தனிப்பாடல்) பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனதும் அந்தக் கிடார் வாசிப்பால்தான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. முன்பு ஒரு இதழில் தென்மாநில ராக் என்றாலே அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடிதான் என்று எழுதி, இவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தீர்கள். 1969இல் புளோரிடாவில் கறுப்பினத்தவரான ஜேமோவை டிரம்ஸில் உட்காரவைத்துத் தொடங்கிய குழு அது. அப்புறம் வந்த லமாரும் கறுப்பினத்தவர், வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், 1983இல் இளம் வயதிலேயே காலமானார். அப்போதே விரிவாக எழுதினேன். நான்கு வரியாக வெட்டிப் போட்டீர்கள், அதில் ஜேமோ பெயரே இல்லை. இந்த முறை அட்டைப்படத்தில் உள்ள பையனை டுவேனின் மகன் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவன் இன்னொரு டிரம்ஸ் கலைஞர் புட்ச் டிரக்ஸின் மகன். பின்னட்டையில் இருப்பது ஓக்லியின் மகள். உறையைத் திருப்பிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இல்லையா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, லமார் வில்லியம்ஸ், சக் லெவெல் இருவர் பெயரையும் ஒரு வரியில் போடுங்கள். கட்டுரை முழுவதிலும் அந்தப் பெயர்கள் எங்குமே இல்லை. கடிதத்தை வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பெயர்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்