ஆடி முடிவதற்குள் மொட்டைமாடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ நிதி ஒதுக்கினால் பணம் வண்ணப்பூச்சுக்கும் தரைக்கல்லுக்கும் முகப்பு விளக்குக்கும் போய்விடுகிறது. மொட்டைமாடியில் அடைத்துக்கொண்ட மழைநீர்த் தூம்பு எந்த மதிப்பீட்டிலும் வருவதில்லை. கட்டடம் கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் (1680), ஆர்மேனியன் தெருவிலுள்ள ஆர்மேனிய ஆலயம் (1772), எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயம் (1821), மயிலைக் கபாலி கோபுரத்தின் மேல்நிலைகள் எல்லாமே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். செங்கல்லின் துளைகளில் உப்பு பூத்து உடைக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் பூச்சைத் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக உதிரும். பிளாஸ்டிக் எமல்ஷனும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெள்ளையடிப்பு மலிவு, நல்லதும்கூட; என்ன, பளபளப்பாக இருக்காது!

தேக்கு உத்தரத்தின்மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, மரக்கட்டையால் தட்டி, தட்டையான ஓடு பதித்த மெட்ராஸ் டெரஸில் ஒழுகல் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தூம்பின் வாய். அங்கே முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே அறுந்து நின்று மறுபடி தழைக்கும், கூடவே நாலு செங்கல்லும் பெயர்ந்து வரும். தண்டை அறுத்து, வேரை மருந்திட்டுச் சாகவிட்டு, பிறகு அந்த இடுக்கைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்பு 15 நாளாவது ஊற வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். 'குறைந்த விலைக்கு ஒரே மாதத்தில் முடி' என்று டெண்டர் விட்டால் ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் தவிர வேறென்ன செய்வார்?

மாநகராட்சிக்கும் ஒன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் (மில்லிங்) தார்மேல் தார் போட்டதில், ஏறிப்போன ஆலய வாசற்படி பல தெருக்களில் இறங்கிப்போகும் படியாகிவிட்டது. தெருவில் நிற்கும் மழைநீர் நேரே உள்ளே வருகிறது. மோட்டார் வைத்து இறைப்பதைத் தவிர வழியில்லை. சுரண்டிவிட்டுப் போடுவது புது விஷயமல்ல, டெண்டரில் அதை ஒரு வரியாக எழுதினால் போதும்.

சிறிய ஆலயங்களைப் பூட்டியே வைப்பது அடுத்த கேடு. காற்று ஓட்டம் நின்றால் ஈரம் காயாது, வௌவால் குடியேறும். நாள்தோறும் திறப்பவர் கண்ணில்தான் கூரையின் புதுக் கறை முதலில் படும். அறநிலையத் துறையின் ஒரு கால பூஜைத் திட்டத்து வைப்புநிதி வட்டி விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் உதவுகிறது, சரி. மாடி கூட்ட, தூம்பு குத்த, ஏணி வாங்க யார் தருவது? குடமுழுக்குக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திராமல், எந்தச் சமயத்து இடமானாலும், ஆண்டுதோறும் சிறு பராமரிப்புக்கென்று தனித் தலைப்பில் பணம் வர வேண்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரமாவது கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதற்கு நிபந்தனையாக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். ஊறலுக்கும் அரைப்புக்கும் பூச்சு காய்வதற்கும் நாள் கணக்குப் பார்த்தால், வேலை உத்தரவு ஆடிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். புரட்டாசியில் வந்தால் இந்த ஆண்டுக்கு மாடியைக் கூட்டித் தூம்பைத் திறந்துவிடுங்கள். பூச்சு வேலையைத் தையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கட்டட வேலையில் இருப்பவர்கள்,
மயிலாப்பூர், சென்னை