பாறையை விடுங்கள், பாட்டைப் பேசுவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிரேக்கக் கவிஞர் சாப்போ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படகோட்டி ஃபயோன் மேல் வைத்த காதல் கைகூடாமல் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்து இறந்தார் என்பதிலேயே பாதிக் கட்டுரை போய்விட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

சாப்போ வாழ்ந்தது கி.மு. 600ஐ ஒட்டி, லெஸ்போஸ் தீவில். குதித்த கதையோ இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஏதென்ஸ் நகைச்சுவை நாடகக்காரர்கள் பரப்பியது. அதை வரலாறு என்று கொடுக்கலாமா?

அவர் வரிகளைப் பற்றியல்லவா பேசியிருக்க வேண்டும்! பிற்காலத்தில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகர அறிஞர்கள் அவர் பாடல்களைச் சுருள்களாகத் தொகுத்தபோது முதல் சுருளில் மட்டுமே 1,320 வரிகள் இருந்தன. இன்று எல்லாச் சுருளிலிருந்தும் கிடைப்பதைக் கூட்டினாலும் ஏறக்குறைய 650தான். துளியும் குறையாமல் வந்திருப்பது காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியை அழைக்கும் 28 வரிப் பாட்டு ஒன்றே. டயோனிசியஸ் என்ற ஆசிரியர் நல்ல நடைக்கு உதாரணமாக அதை முழுவதும் எடுத்து எழுதி வைத்தார், அதனால் பிழைத்தது. மற்றவை தொலைந்ததற்கு, அவருடைய ஏயோலிக் பேச்சுவழக்கு பிற்காலத்தாருக்குப் புரியாமல் போனதும் ஒரு காரணம். படிக்க ஆள் குறைந்தால் படியெடுக்கவும் ஆள் குறையும்.

அப்புறம், முதுமைப் பாட்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்து 1922இல் வெளிவந்த பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) துண்டில் அதன் வரிகள் பாதி பாதியாகத்தான் இருந்தன. 2004இல், கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்த இன்னொரு பாப்பிரஸ் வெளியானது. பழைய சுருள்களை ஒட்டிச் செய்த மம்மி உறையிலிருந்து பிரித்தெடுத்தது அது. இரண்டையும் சேர்த்தபோது பன்னிரண்டு வரிகள் ஏறக்குறைய முழுதாக எழுந்து வந்தன. கருங்கூந்தல் நரைத்துவிட்டது, மான்குட்டி போல் ஆடிய முழங்கால்கள் இப்போது தாங்க மறுக்கின்றன, என்ன செய்ய, மூப்படையாத மனிதர் உண்டா என்று போகிறது பாட்டு. விடியல் தேவதை காதலித்துத் தூக்கிப்போன டித்தோனஸையே முதுமை விடவில்லையாம்.

பாட்டில் பேசுவது சாப்போவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பாறையிலிருந்து குதித்த இளம்பெண்ணைவிட, முழங்கால் வலியோடு சிறுமிகளைப் பார்த்துப் பாடும் இந்தக் குரல் எனக்கு எவ்வளவோ நெருக்கமாக இருக்கிறது. எனக்கும் எழுபதாகிறது.

அந்தப் பன்னிரண்டு வரிகளைத் தமிழில் வெளியிடுங்கள். சிதைந்த இடங்களை நிரப்ப வேண்டாம், புள்ளி வைத்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி