கொல்லிமலை இறக்கமும் மிதிவண்டிகளும்

ஐயா,

மலைச்சாலைகளில் மிதிவண்டிப் பயணம் குறித்த தங்கள் தலையங்கம் ஏற்றத்தைப் பற்றியே பேசியது. உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 18-ஐ ஒட்டிய நாட்களை விட்டால், வார நாட்களின் காலையில் மர நிழலில் அமைதியாக மிதிக்க ஏற்ற வழி இது. ஆனால் சுமைப் பைகளுடன் இறங்குபவர் பயத்தில் ரிம்மை அழுத்தி நிறுத்தும் வகை பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் கொதிக்கும். உள்ளே ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ரிம் டேப் இளகி, டியூப் ஸ்போக் துளைக்குள் பிதுங்கி வெடிக்கும். புது டியூப் மாட்டினாலும் அதே இடத்தில்தான் போகும். துணி டேப் ஒட்டினால்தான் தீர்வு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன், பின் பிரேக்குகளை மாற்றி மாற்றி விட்டுவிட்டுப் பிடிப்பதும், 10 வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுவதும் அவசியம். சூடான ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் விரல் சுட்டுவிடும்.

நிற்கத்தான் இடம் வேண்டும். வளைவின் உள்பக்கம் நின்றால் எதிரே ஏறிவரும் பேருந்துக்குத் தெரியாது. எனவே நெடுஞ்சாலைத் துறை 10 வளைவுக்கு ஓரிடத்தில், நேர்ச்சாலைப் பகுதியில், இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஓரத்தைச் சமன்படுத்தி, குடிநீர்க் குழாயும் வைக்க வேண்டும். அடிவாரத்திலும் மலைமேல் உள்ள செம்மேட்டிலும் 'பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கவும்' என்று ஒரு பலகை வைத்தால் நல்லது.

– ஒரு வாசகர், நாமக்கல்