எண்ணி முடிக்காத ஓட்டுகள்

மில்வாக்கி,
7.1.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அப்பாயி, தங்கச்சி எல்லோரும் நலமா? அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிக் கேட்டிருந்த உங்கள் கடிதம் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. தீபாவளிக்கு எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை. தப்புதான். வேலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். பழைய பிராஜெக்ட் முடிந்து, அடுத்தது வரும்வரை கொஞ்சம் ஓய்வாகத்தான் இருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி புளிக்குழம்பு வைத்தால் வியாழன் வரை வருகிறது. டிசம்பர் முழுக்கப் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. அது இளகுவதற்கு ரோடெல்லாம் கல்லுப்பை வாரி இறைக்கிறார்கள். உப்பை மிதிக்கக் கூடாது என்று அப்பாயி அதட்டுவாரே, அதை நினைத்து முதல் வாரம் ஓரமாகவே நடந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வாசல் பனியை வாரிவிட்டு, கேட்காமலே என் வாசலையும் வாரிவிட்டுப் போய்விடுவார். நன்றி சொன்னால் கையை மட்டும் ஆட்டுவார். அவரைப் பேசவைத்தது கோரும் புஷ்ஷும் மோதிய இந்த அதிபர் தேர்தல்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் 5,708 என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இந்த விஸ்கான்சினில் கோர் அவ்வளவு ஓட்டில்தான் ஜெயித்தார். அதிபரை முடிவு செய்வது மாநிலங்களுக்கு ஒதுக்கிய எலெக்டோரல் ஓட்டுதான். இந்த மாநிலத்தின் 11-ம் கோருக்கே. டெக்சாஸில் இருக்கும் பெரியவரின் தங்கையும் கோருக்குத்தான் போட்டாராம். அங்கே புஷ் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் முந்திவிட்டார், அங்கத்து 32 எலெக்டோரல் ஓட்டும் அவருக்குப் போனது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ஆளுக்குப் போட்ட ஓட்டு. ஒன்று கணக்கில் ஏறியது, இன்னொன்று ஏறவில்லை.

நாடு முழுக்கக் கூட்டினால் கோருக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிகம். அப்படியிருந்தும் எப்படித் தோற்றார், நம் குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரியா என்று கேட்டிருந்தீர்கள். மாதிரிதான், ஆனால் எடை போடும் விதம் நேர் எதிர். நம் ஊர் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176 மதிப்பு, சிக்கிம்காரருக்கு 7 என்று வகுப்பில் நீங்கள் போட்ட கணக்கு நினைவிருக்கிறது. ஜனத்தொகைக்குத் தக்க மதிப்பு. இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் கீழ்ச்சபை இடங்களோடு மேல்சபையான செனட்டுக்கு இரண்டு சேர்த்து எலெக்டோரல் ஓட்டு கொடுக்கிறார்கள். அதனால் ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3. மூன்று கோடியே முப்பத்தொன்பது லட்சம் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பாருங்கள், வயோமிங்கில் ஒன்றரை லட்சம் பேருக்கு ஒன்று, கலிஃபோர்னியாவில் ஆறு லட்சம் பேருக்கு ஒன்று. மெய்னையும் நெப்ராஸ்காவையும் தவிர, ஓர் ஓட்டு முந்தினாலும் மாநிலம் மொத்தமும் அவருக்கே.

இந்த முறை இல்லாவிட்டால் விஸ்கான்சின் பக்கம் யார் எட்டிப்பார்ப்பார் என்கிறார் பெரியவர். அதில் நியாயம் இருக்கிறது. என்னால்தான் ஏற்க முடியவில்லை.

அதைவிட மனசு ஆறாதது ஃப்ளோரிடா. அங்கே ஜெயித்தவரே அதிபர் என்ற நிலை. அறுபது லட்சம் ஓட்டில் புஷ் முந்தியது வெறும் 537. அட்டையில் துளை போட்டு ஓட்டளிக்கிறார்கள். துணுக்கு பிரியாமல் தொங்கினால் இயந்திரம் படிப்பதில்லை. அவற்றைக் கையால் எண்ண ஆரம்பித்தார்கள். டிசம்பர் 12 அன்று சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இனி எண்ண வேண்டாம் என்று முடித்துவிட்டது. 1967 தேர்தலில் மறு எண்ணிக்கை கேட்டார்கள் என்று நீங்கள் விடிய விடியக் கட்டுகளைப் பிரித்து, செல்லாத ஓட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைச் சொல்வீர்களே அப்பா, அந்த ராத்திரி முழுக்க அதுதான் நினைவு.

நேற்று நாடாளுமன்றத்தில் எலெக்டோரல் ஓட்டுகளை எண்ணியதைப் பெரியவர் வீட்டு டி.வி.யில் பார்த்தேன். துணை அதிபர் என்பதால் கோரே சபைக்குத் தலைமை. கீழ்ச்சபையின் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஃப்ளோரிடா ஓட்டை ஆட்சேபித்தார்கள். அதற்கு ஒரு செனட்டரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர்கூடப் போடவில்லை. செல்லாது, செல்லாது என்று கோரே தள்ளுபடி செய்து, 271–266 என்று தன் தோல்வியைத் தானே வாசித்தார். பெரியவர் எழுந்து போய் அந்த 5,708 தாளை நேராக ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கிறிஸ்துமஸுக்கும் அவர் கூப்பிட்டிருந்தார். பதினோரு நாள் கழித்து அன்றுதான் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள். இது கைக்கு வரும்போது பொங்கல் முடிந்திருக்கும். மார்கழிக் காலையில் பெருமாள் கோவில் ஸ்பீக்கர் கேட்காமல் இங்கே முழிப்பே வரமாட்டேன் என்கிறது.

தங்கச்சியைப் பார்க்க வந்த மன்னார்குடிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? பையன் வேலை நிரந்தரம்தானா என்று சின்ன மாமாவை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். சம்பா அறுத்ததும் குத்தகை நெல்லை அளந்து வாங்கிவிடுங்கள், போன வருஷம் போல விடாதீர்கள். அதில் சொசைட்டி வட்டியை முதலில் கட்டுங்கள். அம்மா வளையலை மீட்பதைச் சித்திரைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் கண் ஆபரேஷனைத் தள்ள வேண்டாம், அதற்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன்.

அன்புள்ள மகன்