வரலாறு எடுக்கட்டும், விடு

சுவாமிமலை,
வைகாசி.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன். எழுதினால் ஆளுக்கொரு முறை முழுசாகச் சொல்லி முடிக்கலாம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். போர்செட் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. மற்றவர்கள் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் என் மேஜை அதே இடத்தில்தான். கம்ப்யூட்டர் வந்தபின் என் கையெழுத்துக்கு மவுசு போய்விட்டது. ஆனாலும் பழைய மூலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், படித்துப் பொருள் சொல்ல என்னைத்தான் தேடுகிறார்கள்.

நீ பி.காம். சேர்க்க நினைத்திருக்க, உன் மகள் கயல்விழி பி.ஏ. வரலாறுதான் படிப்பேன், அதுவும் நாம் படித்த கும்பகோணம் காலேஜில்தான் என்று நிற்கிறாளாமே. இத்தனை மார்க் வாங்கிவிட்டு அப்படிச் சொல்கிறாளே என்று உனக்கு ஆத்திரம். ‘நாம் ரெண்டு பேரும் அதைப் படித்து என்னத்தைக் கிழித்தோம்’ என்று கேட்டிருக்கிறாய். உன் கம்பெனியில் வெளிநாட்டுப் பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டும்போதெல்லாம் பதில் எழுத முதலாளி யாரைக் கூப்பிடுகிறார்? கணக்குப் பிரிவில் இருக்கும் பி.காம். பையன்களையா? நீயே சொன்னதுதான் இது.

சொந்தக்காரர்கள் உனக்கு ஆறுதலாக, ‘வரலாறு படித்தால் குரூப் 2-க்கு நல்லது’ என்பார்கள். அதை நம்பி அவளைச் சேர்க்காதே. அந்தத் தேர்வை எந்தப் பட்டம் வாங்கியவரும் எழுதலாம். அதற்காக மட்டும் மூன்று வருஷம் வரலாறு படிக்கிற பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே கைடு புத்தகத்தோடு நின்றுவிடும்.

எனக்குத் தோன்றுவது வேறு. பத்திரத்தில் நான் தினமும் எழுதுவது குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர்க் கல்வெட்டிலும் வேலியும் மாவும்தான். அங்கே அதற்கும் கீழே காணி, முந்திரிகை என்று இறங்கிக்கொண்டே போகிறது. அன்றைய வேலியும் இன்றைய வேலியும் ஒரே அளவுதானா என்பது தனிப் பேச்சு. கோயிலுக்கு நெல் கொடுக்க வேண்டிய ஊர்களைச் சொல்லும்போது, ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரியில்லாத நிலத்தை முதலில் கழித்துவிடுகிறார்கள். என்னென்ன கழிகிறது தெரியுமா? ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி, சுடுகாடு.

கணக்குப் பார்ப்பவனுக்கு இது கழித்தல். மீதி எவ்வளவு, அதற்கு நெல் எத்தனை கலம் என்று பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். வரலாறு படித்தவன் அங்கேயே நின்றுவிடுவான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சேரி தனியாக இருந்திருக்கிறது. ஊரார் குடியிருந்த நத்தத்துக்கு ஒரு பதிவு, சேரிக்கு வேறொரு பதிவு. அப்படியானால் அந்த நெல்லை விளைவித்த கை யாருடையது, அளந்து வாங்கிய கை யாருடையது? கல்வெட்டு நேரடியாகச் சொல்லாது. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல் தகராறுதான். எரிந்த குடிசையும் சேரிக் குடிசைதான். அந்தச் சுவரையும் இந்தக் குடிசையையும் சேர்த்து யோசிக்கிற பெண் ஒருத்தி இந்த டெல்டாவுக்கு வேண்டாமா?

தண்ணீர் விஷயத்தையே எடுத்துக்கொள். காவிரி என்றால் நாம் டி.எம்.சி. கணக்கைத்தான் பேசுகிறோம். வழக்கு நடந்ததோ மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட 1892, 1924 ஒப்பந்தங்களைச் சுற்றி. ஐம்பது வருஷம் கழித்து மறுபரிசீலனை என்று 1924-இல் எழுதி வைத்தார்களே, அப்படியானால் 1974-இல் ஒப்பந்தமே முடிந்துவிட்டதா, சில அம்சங்களை மட்டும் திருத்தலாம் என்றுதான் அர்த்தமா? அதற்கு எத்தனை வருஷம் வாதம்! 2018-இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. நம் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யையும் அதில் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மதகு திறக்க இஞ்சினீயர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பழைய காகிதத்தைப் படித்து வாதாடவும் ஆள் வேண்டுமே.

நம் காலேஜ் என்றதும் எல்லோரும் ராமானுஜன் பேரைச் சொல்வார்கள். அவர் அங்கே கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்ததை மெதுவாகத்தான் சொல்வார்கள். அவர் சேர்ந்தது 1904. அதற்கு முந்தின வருஷம் வரை, 1880-இலிருந்து, உ.வே.சா. அங்கே தமிழாசிரியர். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியது அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டுதான். கயல்விழியிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவாள்.

பணத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். பி.ஏ. முடித்த கையோடு சம்பளம் வராது. வீட்டில் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாத பிள்ளையிடம் நான் இப்படி வியாக்கியானம் பேச மாட்டேன். உனக்கு அந்த நிலைமை இல்லை. அரசுக் கல்லூரியில் ஃபீஸ் சொற்பம். நீ பி.காம். சீட்டுக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் அப்படியே இருக்கட்டும், மேற்படிப்புக்கு ஆகும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது. சட்டம் என்றால் பட்டத்துக்குப் பிறகு மூன்று வருஷம். ஆனால் அவளிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடு: நோட்ஸை உருப்போட்டு பாஸ் பண்ண இந்தப் பாடத்தை எடுக்கக் கூடாது. இங்கிலீஷில் தடவாமல் படிக்கப் பழக வேண்டும், ஏனென்றால் சோழர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த மொழியில்தான் கிடக்கிறது. லீவில் என்னோடு வந்து உட்கார்ந்தால் பழைய பத்திரம் படிக்க நான் கற்றுத் தருகிறேன். அந்தக் கிறுக்கல் பழகிவிட்டால் அவளுக்கு எந்த ஆவணக் காப்பகமும் பயம் காட்டாது.

ஹாஸ்டல் வேண்டாம். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, டவுன் பஸ்ஸும் அடிக்கடி உண்டு. விண்ணப்பம் இப்போதெல்லாம் இணையத்தில்தான், டி.சி., சாதிச் சான்று, மார்க் ஷீட் மூன்றையும் ஸ்கேன் பண்ணி வை. அந்தப் பி.காம். சீட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் கட்டித் தொலைக்காதே, திருப்பித் தர மாட்டார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். கயல்விழியை முடிந்தால் இந்த வாரமே என்னிடம் பேசச் சொல், நீ பக்கத்தில் இல்லாதபோது.

அன்புடன்,
ராஜேந்திரன்