வரி கொடுத்தவர்களுக்கு எங்கள் ஊரைச் சொல்லுங்கள்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு

கனடா, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இயங்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கமும் ஸலாமும்.

நான் ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர். எனது சேவைக்காலத்தின் பெரும்பகுதி பெயர்ப்பட்டியல் எழுதுவதிலேயே கழிந்தது. எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், எவருடைய வீடு முழுச்சேதம், எவருடைய வீடு பகுதிச்சேதம், எவருக்கு அடையாள அட்டை இல்லை என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பின்னர் கடற்கரையோரப் பிரிவொன்றில் கூடாரங்களையும் பாய்களையும் பாத்திரங்களையும் பகிர்ந்தளித்த நாட்களில், அவை எந்த நாட்டு மக்கள் செலுத்திய வரியில் வாங்கப்பட்டவை என்று நான் கேட்டதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்கென ஒரு கட்டம் இருந்ததுமில்லை. பெற்றுக்கொண்டவர்களுக்குக் கொடுத்தவர்களைத் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் பெற்றுக்கொண்டவர்களைத் தெரியாது. அந்த அறியாமை எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதைக் கடந்த சில ஆண்டுச் செய்திகளில் காண்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

1961 இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமான யூஎஸ்எயிட், 2025 யூலை முதலாம் திகதியோடு தன் உதவிப் பணிகளை நிறுத்திக்கொண்டது. மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2015 இல் சட்டமே இயற்றிய பிரித்தானியா, 2021 இல் அதை 0.5 ஆகக் குறைத்தது. 2027 இல் 0.3 ஆக்குவதாக 2025 மாசியில் அறிவித்தது. செல்வந்த நாடுகள் 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டுக்கொண்டது 1970 இல். அந்த அளவை எட்டி நின்ற நாடுகள் மிகச் சிலவே; ஒரு சதவீதத்தை ஒட்டிக் கொடுத்துவரும் நோர்வே அவற்றுள் ஒன்று. ஒரு நாடு தன் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முடிவுகள் எதை நம்பி ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதைப் பார்க்கும்போதுதான் மனம் நோகிறது. தங்கள் மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளிநாடுகளுக்குப் போவதாக அமெரிக்க மக்கள் எண்ணிக்கொண்டிருப்பதைக் கருத்துக்கணிப்புகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. உண்மையில் அது நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்து வந்தது. நூறு ரூபாயில் இருபத்தைந்து ரூபாய் வெளியே போகிறது என்று நம்புகிற ஒரு தொழிலாளி, தன் ஊர் வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும்போது, அதைக் குறைக்கச் சொல்வதில் என்ன தவறு இருக்கிறது? அவருக்கு எவரும் கணக்குச் சொல்லவில்லை. அதற்கு மேலாக, அந்த ஒரு ரூபாய் என்ன ஆனது என்பதை அது போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து எவரும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லலாம். உங்களை விட்டால் இதைச் சொல்லத்தக்கவர் வேறு எவரும் இல்லை. அங்கே வரி செலுத்துபவர்களும் வாக்களிப்பவர்களும் நீங்களே. அந்தப் பணம் வந்து சேர்ந்த மண்ணில் பிறந்தவர்களும் நீங்களே.

உங்களுள் பலர் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் கொடுத்த திரிபோஷாச் சத்துமாவை உருண்டை பிடித்துத் தின்று வளர்ந்தவர்கள். 1973 இல் அத்திட்டம் தொடங்கியபோது அமெரிக்க அரசின் உணவு உதவியே அதற்கு அடித்தளமாக இருந்தது. பிற்காலத்தில்தான் எமது அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. சுனாமி சிதைத்த அறுகம்பைப் பாலத்தின் இடத்தில் இன்று நிற்கும் பாலமும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் எழுந்ததே. யுத்தத்துக்குப் பின்னர் எங்கள் வயல்களிலும் மேய்ச்சல் தரைகளிலும் கண்ணிவெடி அகற்றும் பணிக்கு வெளிநாட்டு அரசுகளின் நிதியே கைகொடுத்தது. 2017 இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2021 இன் இரசாயன உரத்தடை எங்கள் நெற்செய்கையை முறித்துப் போட்டதன் பின்னர், 2023 பங்குனியில் அமெரிக்கா கொடுத்த 36,000 மெற்றிக் தொன் ரி.எஸ்.பி. என்னும் பொஸ்பேற்று உரம் வந்து சேர்ந்தது. அதைப் பெற்ற விவசாயிகள் சிலரிடம் அண்மையில் கேட்டபோது, உரம் கமநல சேவை நிலையத்தில் தந்தது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரியே. மூட்டை அங்கேதான் கிடைத்தது. அதற்கு அப்பால் எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

மண்முனைப் பாலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு மண்முனைத் துறையின் படகுப்பாதை நினைவிருக்கும். மழைக்காலத்தில் வாவி பெருகினால் பாதை நின்றுவிடும். அக்கரையில் பாடசாலைக்குப் போன ஆசிரியர்கள் திரும்ப முடியாமல் நிற்பார்கள். இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிழக்குக் கரையான எழுவான்கரையில் வாகனம் தேடி நின்ற குடும்பங்களை நான் அறிவேன். 2014 சித்திரையில் ஜப்பான் அரசின் நன்கொடையில் அந்த இடத்தில் பாலம் திறக்கப்பட்டது. இது கடன் அன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன்; ஏனெனில் 2022 இல் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றதன் பின்னர், வெளியே இருந்து வந்த யாவும் கடனே என்று எங்கள் மக்களில் பலர் நினைக்கிறார்கள். இன்று கொக்கட்டிச்சோலையிலிருந்து நெல்லும் தயிரும் பாலும் அந்தப் பாலத்தின் மேலாகவே நகருக்குப் போகின்றன. பாலம் இல்லாத காலத்தை அறியாத ஒரு தலைமுறை இப்போது பாடசாலைக்குப் போகிறது. ஒரு ஒசாகாத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கும் தன் சைக்கிள் பயணத்துக்கும் தொடர்பு உண்டென்று அப்பிள்ளைகளுக்குச் சொன்னவர் யார்? எங்கள் நாட்டில் திறப்புவிழாக் கல்வெட்டுகளில் அரசியல்வாதிகளின் பெயர் பெரிதாகவும் உதவிய மக்களின் பெயர் சிறிதாகவும் பொறிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது.

உங்கள் சங்கங்களே நேரடியாக ஊருக்கு அனுப்புகின்றன, பிறகு அரசுகளின் உதவி எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் கட்டித்தந்த வகுப்பறைகளையும் அனுப்பிய கணினிகளையும் மறந்து நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு வாவியைக் கடக்கும் பாலத்தை எந்த ஊர்ச் சங்கத்தாலும் கட்ட முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. உங்கள் பணம் உங்களுக்கு உறவுள்ள ஊர்களைத் தேடி வருகிறது. ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ எவரும் போகாத ஊர்கள் எங்கள் மாவட்டங்களில் ஏராளம்; அங்கிருந்து போனவர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போன தாய்மாரே. அவர்களுக்குச் சங்கம் வைக்க நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. அவ்வூர்களுக்கு வேண்டியது, உறவைப் பார்க்காமல் தேவையைப் பார்த்து வரும் உதவி. பட்டியல் எழுதியவன் என்ற வகையில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இலங்கை அரசின் கையில் பணம் கொடுப்பது எங்களைத் துன்புறுத்திய கையைப் பலப்படுத்துவதாகாதா என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் எழுவதையும் நான் அறிவேன். அது வெறுப்பில் பிறந்த கேள்வி அன்று, வேதனையில் பிறந்தது. அதற்கு நான் தரக்கூடிய விடை, கேள்வியை மூடி மறைக்காமல் இருப்பதே. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்கென சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எத்தனை என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அவ்வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பற்றை வளர்ந்தன; வீடிழந்தவர்கள் வெளியே நின்றார்கள். இதையும் சேர்த்தே உங்கள் அயலவர்களுக்குச் சொல்லுங்கள். கெட்டதை மறைத்து நல்லதை மட்டும் சொன்னால், ஒருநாள் கெட்டது வெளிவரும்போது நல்லதையும் நம்ப மாட்டார்கள். பணம் கொடுத்தவர் பயனாளிப் பட்டியலையும் கணக்கையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது எங்களுக்கு அவமானம் அன்று, பாதுகாப்பு.

மக்களுக்கு விளக்கிச் செய்த உதவி ஒன்று அண்மையிலேயே எங்களுக்குக் கிடைத்தது. 2022 சித்திரையில், பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கைக்கு உதவி அனுப்புவதற்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பொதுமக்களும் நிதி தர வேண்டும் என்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். அந்த வைகாசியிலேயே அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. எவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் வாழும் நாடுகளிலும் அந்தத் தெளிவு உண்டாக வேண்டும்.

ஆகவே, உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரை வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னதாகவே சந்தியுங்கள். பாடசாலையில், தேவாலயத்தில், தொழிற்சங்கத்தில் பேசக் கிடைக்கும் பத்து நிமிடங்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் அழுகிற பிள்ளையின் படத்தைக் காட்ட வேண்டாம். இருபது ஆண்டுகளாக அந்தப் படங்களைப் பார்த்தவர்கள், கொடுத்தும் எதுவும் மாறவில்லை என்றே எண்ணுவார்கள். மாறியதைக் காட்டுங்கள்.

அதற்கு வேண்டியதை இங்கிருந்து தருவது எங்கள் பொறுப்பு. ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களுமாகச் சிலர் சேர்ந்து, எங்கள் பழைய பிரிவுகளில் வெளிநாட்டு அரசுகளின் உதவியில் உருவானவற்றை ஊர் ஊராக எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த நாடு, எந்த ஆண்டு, நன்கொடையா கடனா, இன்று எந்த நிலையில் இருக்கிறது, பயன்படாமல் போனதென்றால் ஏன் என்பவற்றோடு, பயன்பெற்றவர்கள் சம்மதித்தால் அவர்கள் வாய்மொழியையும் பதிவு செய்கிறோம். மண்முனைத் துறையில் தோணிக்குக் காத்திருந்த தாய்மார் மூவரின் சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. ஆங்கிலத்தில் ஆக்கித் தர இங்கே ஆட்கள் உண்டு. நோர்வேஜிய மொழிக்கும் ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கும் உங்கள் பிள்ளைகள்தான் உதவ வேண்டும். எந்தச் சங்கம் எந்த மொழியைப் பொறுப்பேற்கும் என்பதை முடிவு செய்து, அதை எழுதக்கூடிய பிள்ளைகளின் பெயர்களை உங்கள் ஊர்ப் பாடசாலை அதிபர் வழியாக எங்களுக்கு அறியத்தாருங்கள்.

இங்ஙனம்,
படுவான்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்