கோல்கோ 13-ஐ விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் டப்பிங்கில் இந்தப் படங்கள் திரையரங்குக்கே வரத் தொடங்கியிருக்கும் நேரத்தில் வந்த நல்ல கட்டுரைதான். ஆனால் பெரியவர்களுக்கான குற்றப் படங்களை மட்டும் ‘காரணமில்லாத ரத்தக்களரி’ என்று ஒரே பத்தியில் ஒதுக்கிவிட்டதை ஏற்க முடியவில்லை. அதை எழுதுமுன் 1983-இல் வந்த ‘கோல்கோ 13: தி புரொபஷனல்’ படத்தைக் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம்.

நம் பக்கம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஜப்பானில் அப்படியில்லை. சைட்டோ டகாவோ 1968-இல் ‘பிக் காமிக்’ இதழில் தொடங்கிய சித்திரத் தொடர் இது; படம் அதிலிருந்து வந்ததுதான். 2021 ஜூலையில் 201-ஆவது தொகுதி வந்தபோது, அதிகத் தொகுதிகள் கண்ட மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) என்று கின்னஸ் சாதனை படைத்தது. அந்த செப்டம்பரில் சைட்டோ காலமானார். தான் போன பிறகும் தொடர் நிற்கக்கூடாது என்று அவர் விரும்பியதால் அவருடைய குழுவினர் இன்றும் வரைந்து வருகிறார்கள். நாயகன் கோல்கோ 13 ஒரு கூலிக் கொலையாளி. டியூக் டோகோ என்பது அவன் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்களில் ஒன்று. பணம் வாங்குவான், சுடுவான், போய்விடுவான். படம் முழுக்க அவன் பேசுவதை ஒரு தாளில் எழுதிவிடலாம்.

படத்தின் கதை அவனைப் பற்றியதே அல்ல என்பதுதான் என் வாதம். (முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படம் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அமெரிக்க எண்ணெய் முதலாளி லியோனார்ட் டாசனின் மகன் ராபர்ட்டை கோல்கோ சுட்டுக் கொல்கிறான். அப்பா பழிவாங்கக் கிளம்புகிறார். சிஐஏ, எஃப்பிஐ, ராணுவத் தலைமையகம் எல்லாவற்றையும் தன் பணபலத்தால் வளைக்கிறார். ஆனால் கொல்லச் சொன்னது யார் என்று தேடுவதைவிட, சுட்டவனை ஒழிப்பதில்தான் அவருக்கு வெறி. அந்த வெறிக்கு வீட்டிலிருப்பவர்களையே பலி கொடுக்கிறார். கடைசியில் தெரிகிறது, கோல்கோவுக்குப் பணம் கொடுத்ததே ராபர்ட்தான். அப்பாவின் சாம்ராஜ்யத்தைச் சுமக்கத் திராணியில்லாமல் தன் சாவைத் தானே விலைக்கு வாங்கியிருக்கிறான். இதற்குப் பிறகு, அதுவரை பார்த்த ஒவ்வொரு சாவுக்கும் கணக்கு வேறாகிவிடுகிறது. இதைப் போய்க் காரணமில்லாத ரத்தம் என்றால் எப்படி?

இயக்குநர் ஒசாமு டெசாகி. பாய்ந்து வரும் காட்சியைச் சட்டென்று நிறுத்தி, அதையே கையால் தீட்டிய ஓவியமாக உறைய வைப்பது அவருடைய முத்திரை. குண்டு பாயும் நொடியில் அப்படி உறையும்போது அடி இன்னும் பலமாக விழுகிறது. திரையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, ஒரே அசைவை மும்முறை காட்டுவது என்று வேறு வித்தைகளும் உண்டு. கணினி வரைகலையில் செய்த ஹெலிகாப்டர் தாக்குதலும் இருக்கிறது. அந்தக் காலத்துக்குப் புதுமை என்றாலும், கையால் வரைந்த படத்துக்குள் அது ஒட்டவே இல்லை. இன்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்னேக் என்ற கொலைகாரனின் உதவிக்குக் கூலியாக டாசன் தன் மருமகள் லாராவையே அவனிடம் ஒப்படைக்கிறார். அந்த மனிதர் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டார் என்று காட்ட அந்தத் திருப்பம் தேவை என்பதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த வன்கொடுமையை கேமரா பார்க்கும் விதம் அருவருப்பானது. அங்கே டாசனின் குற்றத்தை விட்டுவிட்டு லாராவின் உடம்பின் மேல்தான் படத்துக்குக் கண். கட்டுரையாளர் இதைச் சுட்டிக்காட்டித் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் சங்கடம். கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவே கூடாது என்பதையாவது அவர் தெளிவாக எழுதியிருக்கலாம்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். டெசாகி 2011-இல் மறைந்தார். 1970-இல் தொடங்கிய ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைத் தொடரை இயக்கியவரும் அவரே. அவரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். நான்கு பக்கமாவது ஒதுக்குங்கள், படங்களோடு.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி